சட்டம் எட்டாத கடைகள்: பிளவுகளைக் கடக்க வணிகர்கள் எதைப் பணயம் வைக்கிறார்கள்?

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முக்கிய மசோதாக்களை நிறைவேற்றியது. ஜனவரி 8ஆம் தேதி நிறைவேறியது வேலையிட நியாயத்தன்மை மசோதா. பிப்ரவரி 4ஆம் தேதி நிறைவேறியது இன நல்லிணக்கப் பராமரிப்பு மசோதா. இரண்டுக்குமான விதை, 2021 ஆகஸ்ட்டில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஆற்றிய தேசிய தினப் பேரணி உரையில் போடப்பட்டது.

இவற்றில் முதலாவது நம் அன்றாட வாழ்வுக்கு நெருக்கமானது. இனம், சமயம், மொழி, நாட்டுரிமை, வயது, பாலினம், உடற்குறை போன்ற காரணங்களுக்காக ஒருவரை வேலைக்கு எடுக்க மறுப்பதையும் வேலையிலிருந்து நீக்குவதையும் அது தடை செய்கிறது. 2027ஆம் ஆண்டின் இறுதிக்குள் அது நடப்புக்கு வரும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு. 25 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஊழியர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார்கள். மீதமுள்ளோர் சிறு நிறுவனங்களில் இருக்கிறார்கள். முத்தரப்பு நியாய வேலைவாய்ப்பு வழிகாட்டுதல்கள் சிறு நிறுவனங்களுக்கும் உண்டு என்றாலும் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு.

தேக்காவில் இருக்கும் பூக்கடையிலோ மளிகைக் கடையிலோ 25 பேர் வேலை பார்ப்பதில்லை. ஈசூன், உட்லண்ட்ஸ், செங்காங் எனக் குடியிருப்புப் பேட்டைகளில் புளோக்குகளுக்குக் கீழே இருக்கும் கடைகளிலும் அப்படித்தான். இக்கடைகளின் முதலாளிகள் யாரை வேலைக்கு எடுப்பது, யாரை மரியாதையாக நடத்துவது, எப்போது வாய் திறப்பது என்பதையெல்லாம் இன்னும் சில ஆண்டுகளுக்கு அவர்களின் மனசாட்சியே முடிவு செய்யும்.

உலகெங்கும் இன, சமய, அரசியல் பிளவுகள் கூர்மையாகிவரும் இக்காலத்தில், பாலம் கட்டுபவர்களாக வணிகத் தலைவர்கள் முன்வரவேண்டும் என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. விருது விழாக்களில் அதைச் சொல்வது எளிது. கல்லாப் பெட்டியின் பக்கத்தில் நின்று செய்வது எவ்வளவு கடினம் என்பதைச் சில உண்மை நிகழ்வுகளோடு பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

செங்கல்லில் தொடங்கிய கதை

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் முதல் பெயராகச் சொல்லப்படுபவர் நாராயண பிள்ளை. 1819ஆம் ஆண்டு பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் வந்தவர். புதிய ஊரில் வீடுகள் எழும் என்று கணித்துத் தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தார். பிறகு கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை தொடங்கினார். 1822ஆம் ஆண்டுத் தீயில் அந்தக் கடை எரிந்துபோனது. தலைக்குமேல் கடன். ராஃபிள்சிடம் உதவி கேட்டு, இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எனப்படும் பகுதியில் இடம் பெற்று மீண்டும் எழுந்தார். 1827ஆம் ஆண்டு சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்ததற்கு முன்னின்றவர் அவர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அவருடைய செங்கல்லுக்குச் சாதியோ இனமோ இல்லை என்பதே. எல்லாரும் வீடு கட்டினால்தான் சூளைக்காரருக்குப் பிழைப்பு. வந்தேறிகளின் ஊரில் வணிகம் செய்தவருக்கு அடுத்த இனத்தாரோடு பழகுவது நல்ல குணமாக மட்டும் இருக்கவில்லை, தொழிலின் தேவையாகவும் இருந்தது.

சிராங்கூன் சாலையில் இதே பாடத்தை வேறு விதமாகக் காட்டியவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. மளிகைக் கடை ஊழியராகத் தொடங்கி, துணிக்கடைகளின் உரிமையாளராக வளர்ந்தவர். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் அவர் பெயர் தாங்கிய திருமண மண்டபத்தில் மாலை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் நம் வாசகர்களிலும் பலர் இருப்பீர்கள். இந்திய வணிகர்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்த முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. 1924ஆம் ஆண்டு இந்திய வணிகர் சங்கமாகத் தொடங்கியதுதான் இன்றைய சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக, தொழிற்சபை, சுருக்கமாகச் சிக்கி. குஜராத்தியர், சிந்தியர், சீக்கியர், தமிழ் இந்துக்கள், தமிழ் முஸ்லிம்கள் என ஒருவருக்கொருவர் மொழி புரியாத வணிகர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தது அக்காலத்தில் சிறிய காரியமன்று. நூறாண்டைத் தாண்டிய அந்த மேசை இன்று வேறு வகையான சோதனையைச் சந்திக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு ஞாயிறு இரவு எழுப்பிய கேள்வி

2013 டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழகத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமான ஊழியர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் ஏறத்தாழ 300 பேர் ஈடுபட்டனர். அவசர வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன, எரிக்கப்பட்டன. காவல்துறையினர் உட்படப் பலர் காயமடைந்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்தும் அதுபற்றிய தவறான புரிதல்களும் மதுவும் சேர்ந்தே கலவரத்தை மூட்டின என்ற முடிவுக்கு வந்தது.

அந்த இரவுக்குப் பிறகு லிட்டில் இந்தியா வணிகர்கள் இரண்டு பக்கமும் இடிபட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் குறைக்கவேண்டும் என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் பலர் விரும்பினர். அவர்களுக்கும் நியாயம் உண்டு. புளோக்கின் கீழ்த்தளத்தில் குப்பையும் கூச்சலும் யாருக்கும் பிடிக்காது. மறுபக்கம், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான் காய்கறிக் கடை, சாப்பாட்டுக் கடை, பணம் அனுப்பும் நிலையம், தொலைபேசிக் கடை எல்லாவற்றுக்கும் வாழ்வாதாரம். 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் சிறப்பு வட்டாரங்களாக அறிவித்தது. வார இறுதிகளில் லிட்டில் இந்தியாவில் பொது இடங்களில் மது அருந்த முடியாது. கடைகளில் பொட்டலமாக மது விற்பதும் மாலை 7 மணியோடு நிற்கவேண்டும். மதுவை நம்பியிருந்த சில சிறு கடைகளுக்கு இது பலத்த அடி.

இந்த நிலையில் வணிகர் ஒருவர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகள் இரண்டு. வெளிநாட்டு ஊழியர்கள்தான் பிரச்சினை, எங்களைக் குறை சொல்லாதீர்கள் என்று கைகழுவுவது ஒன்று. கட்டுப்பாடும் வேண்டும், இவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள், இவர்களை இழிவாகப் பேசாதீர்கள் என்று சொல்வது மற்றொன்று. முதலாவதால் உடனடி இழப்பு ஏதுமில்லை. இரண்டாவதால் இரு தரப்பின் கோபத்துக்கும் ஆளாகலாம். ஆனால் வட்டாரம் மீண்டும் இயல்புக்கு வந்தது இரண்டாவது வழியில்தான். ஒழுங்கை ஏற்றுக்கொண்டு, ஆட்களைத் தள்ளிவைக்காமல்.

2020ஆம் ஆண்டு இதையே வேறு விதமாகச் சொன்னது. கொவிட்-19 பரவி ஏப்ரலில் ஊழியர் தங்குவிடுதிகள் மூடப்பட்டபோது, சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடியது. 2022 ஜூனில் நடமாட்டக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோதும், லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் செல்ல ஊழியர்களுக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. கூட்டம் அதிகம் என்று ஒரு காலத்தில் முணுமுணுத்த வட்டாரம், கூட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்போது கண்டது.

‘இந்தியர்களுக்கு வீடு இல்லை’

வாடகை வீட்டுச் சந்தையிலும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வாடகை விளம்பரங்களில் இந்தியர்கள் வேண்டாம், சமையல் கூடாது என்ற வரிகளை இணையத்தில் பார்த்து முகம் சுளிக்காத சிங்கப்பூர் இந்தியர் குறைவு. 2010களின் நடுப்பகுதியில், 99.கோ என்ற சொத்து விளம்பரத் தளத்தின் இணை நிறுவனர் டேரியஸ் சியுங், இந்திய வம்சாவளியினரான தம் மனைவியோடு வாடகை வீடு தேடியபோது ஏற்பட்ட அனுபவத்தை வெளிப்படையாக எழுதினார். அதோடு நிற்காமல், எல்லா இனத்தவரையும் வரவேற்கும் வீடுகளைத் தனியாக அடையாளம் காட்டும் வசதியைத் தம் தளத்தில் கொண்டுவந்தார். பாகுபாடு காட்டும் விளம்பரங்களையும் தளம் ஊக்கப்படுத்தவில்லை.

இது ஏன் துணிச்சலான முடிவு என்பதைப் புரிந்துகொள்ள, அத்தகைய தளங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். வீடு தேடுபவர் ஒரு காசும் தருவதில்லை. விளம்பரம் போடும் சொத்து முகவர்களே தருகிறார்கள். முகவர்கள் வீட்டுக்காரர்களின் விருப்பத்துக்கு ஏற்ப நடக்கிறார்கள். ஆகவே வீட்டுக்காரர்களின் தப்பெண்ணத்தை விமர்சிப்பது, தனக்குப் படியளப்பவரையே விமர்சிப்பதற்குச் சமம். அந்த ஒரு முயற்சியால் வாடகைச் சந்தையின் பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் சிறுபான்மையினர் மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒன்றைப் பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்த தொழில்முனைவர் ஒருவர் தம் வருமானத்தோடு சேர்த்துப் பணயம் வைத்துப் பேசினார். பாலம் எப்போதும் பலவீனமான கரையிலிருந்துதான் கட்டப்படவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வெளியுலகம் சொல்வது என்ன?

வணிகத் தலைவர்கள் துணிந்த வரலாறு பல நாடுகளில் உண்டு. பலன் மட்டும் ஒரே மாதிரி இல்லை.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த 1985 செப்டம்பரில், ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனத்தின் தலைவர் கேவின் ரெல்லி சில வணிகர்களோடு ஸாம்பியா சென்று, தடை செய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் தலைவர் ஒலிவர் டாம்போவைச் சந்தித்தார். அதிபர் போத்தா அதை விசுவாசமற்ற செயலாகச் சாடினார். ரெல்லி புரட்சிக்காரர் அல்லர். பொருளாதாரத் தடைகளால் நாடு முடங்கினால் சுரங்கமும் முடங்கும் என்று கணக்குப் போட்டவர். ஆனாலும் அரசாங்கம் பேச மறுத்தவர்களோடு முதலில் பேசியவர்களில் அவர்களும் அடக்கம். ஐந்தாண்டு கழித்து, 1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையானார்.

இலங்கையில் 2001 ஜூலை 24ஆம் தேதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்ட பிறகு, சுற்றுலாத் துறையும் ஏற்றுமதியும் ஆட்டம் கண்டன. வணிகர்கள் சிலர் ‘ஸ்ரீலங்கா ஃபர்ஸ்ட்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, செப்டம்பரில் மக்களைச் சாலையோரங்களில் கைகோத்து நிற்க அழைத்தனர். அமைதிப் பேச்சை வலியுறுத்தினர். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு வணிகர்கள் மட்டும் காரணம் இல்லை. அந்த உடன்பாடு நிலைக்கவும் இல்லை. பிறகு நடந்த போரும் 2009இன் முடிவும் நம் மக்கள் மனத்தில் ஆறாத வடு. வணிக நலனைப் பார்த்து வரும் அமைதி, நலன் மாறும்போது தாங்காது என்பது அங்கிருந்து கிடைக்கும் கசப்பான பாடம்.

இந்தியாவில் 2020 அக்டோபரில் தனிஷ்க் நகை நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. இந்துப் பெண்ணுக்கு அவருடைய முஸ்லிம் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடத்துவதே அதன் கதை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களில் விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஊழியர்களின் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. தனிஷ்க்கின் தாய் நிறுவனமான டைட்டன், டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கியது. அவ்வளவு பெரிய பின்புலமே பின்வாங்கியது என்றால், சிறு கடைக்காரரின் தயக்கத்தை நாம் எளிதில் குறை சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் 2017 ஆகஸ்ட்டில், சார்லட்ஸ்வில் வன்முறைக்கு அதிபர் டிரம்ப் காட்டிய எதிர்வினையை ஏற்காமல், மெர்க் மருந்து நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கென் ஃபிரேசியர் அதிபரின் உற்பத்தித் துறை ஆலோசனை மன்றத்திலிருந்து விலகினார். அதிபர் உடனே அவரைச் சமூக ஊடகத்தில் தாக்கினார். ஆனால் அடுத்த சில நாள்களில் மற்றவர்களும் விலகத் தொடங்க, மன்றமே கலைக்கப்பட்டது. முதலில் போகிறவருக்கு அடி. பின்னால் ஆள் வந்தால் மட்டுமே அந்த அடிக்குப் பலன்.

வணிகருக்கு அரசியல் எதற்கு?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வணிகர்களை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பணம் உள்ளவரின் குரல் ஏற்கெனவே பலமானது. கூடவே, முதலாளி சொல்லும் ஒரு வார்த்தைக்கு விலை கொடுப்பது கடையில் நிற்கும் ஊழியராகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் இனம், சமயம் பற்றிய பேச்சுக்குச் சட்ட எல்லைகளும் உண்டு. புதிய இன நல்லிணக்கச் சட்டம், இன அடிப்படையிலான அமைப்புகளில் வெளிநாட்டுத் தலையீடு வராதிருக்கவும் விதிகள் வகுத்திருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பிரச்சினைக்கும் அறிக்கை விடும் வணிகர் நமக்குத் தேவையில்லை. பழந்தமிழ் வணிகரைப் பேசும் பட்டினப்பாலை, நடுவுநிலை பிறழாத நெஞ்சை அவர்களின் அடையாளமாகச் சொல்கிறது. ஆனால் நடுவில் நிற்பது வேறு, ஒதுங்கி நிற்பது வேறு. தராசின் முள் நடுவில் நிற்பது இரண்டு தட்டையும் தாங்கிக்கொண்டுதான்.

பேச்சைவிடச் செயலில்தான் வணிகரின் உண்மையான அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரம் வேலைக்கு ஆள் எடுப்பதிலும், கடனாகச் சரக்கு தருவதிலும், இடத்தை வாடகைக்கு விடுவதிலும், வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிடுவதிலும் வெளிப்படுகிறது. 1964ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் 23 பேர் மாண்டபோது, வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அக்கம்பக்கத்தை அறிந்தவர்கள், வதந்தி பரவும் முன் கதவைத் தட்டக்கூடியவர்கள் அதற்குத் தேவைப்பட்டார்கள். ஒரு வட்டாரத்தில் எல்லா இனத்தவரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் கடைக்காரர்தான்.

நமக்குள் இருக்கும் பிளவு

தேக்கா நிலையத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முஸ்தஃபா சென்டரில் எல்லா இனத்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இனங்களுக்கு இடையிலான பாலத்துக்கு இங்கே நெடுங்காலப் பழக்கம் உண்டு. பேசத் தயங்கும் பிளவு இந்தியர்களுக்குள்தான் இருக்கிறது. மூன்று தலைமுறையாக இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள், அண்மைக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த நிபுணர்கள், கட்டுமானத் தளங்களில் உழைக்கும் ஊழியர்கள் என மூன்று உலகங்கள் ஒரே சாலையில் நடக்கின்றன. அவர்கள் ஒரே மேசையில் உட்காருவது அரிது.

2021ஆம் ஆண்டு இதன் ஆபத்தைக் காட்டியது. 2005இல் நடப்புக்கு வந்த இந்தியாவுடனான விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு, அதாவது சீக்கா, உள்ளூர் வேலைகளைப் பறிக்கிறது என்ற குற்றச்சாட்டு சூடுபிடித்து, நாடாளுமன்றத்தில் ஜூலையிலும் செப்டம்பரிலும் விரிவாகப் பேசப்பட்டது. வேலைப் போட்டி பற்றிய கவலை நியாயமானது. உள்ளூர் இந்தியர்களுக்கும் அது உண்டு. ஆனால் அந்தச் சூட்டோடு கிருமிப்பரவல் அச்சமும் கலந்தபோது, மே மாதம் சுவா சூ காங் வட்டாரத்தில் வேகநடை சென்ற இந்தியப் பெண்மணி ஒருவர் இழிசொல்லுக்கும் தாக்குதலுக்கும் ஆளானார். அவர் சிங்கப்பூரர். தாக்குபவர் கடப்பிதழைக் கேட்டுவிட்டுத் தாக்குவதில்லை. வந்தவர்கள்தான் காரணம் என்று உள்ளூர் இந்தியர்கள் விலகி நிற்பதும், உள்ளூரார் நம்மை மதிப்பதில்லை என்று வந்தவர்கள் தனி வட்டம் போடுவதும் யாரையும் காப்பாற்றாது.

நூறாண்டுக்கு முன் குஜராத்தியையும் தமிழரையும் ஒரு மேசையில் உட்காரவைத்த வணிகர் சமூகத்துக்கு இன்றுள்ள வேலை இதுதான். சிக்கி, லிஷா எனப்படும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கம் போன்ற அமைப்புகளுக்கு விழா நடத்துவதில் அனுபவம் உண்டு. தீபாவளி ஒளியூட்டும் பொங்கல் கொண்டாட்டமும் எல்லா இனத்தவரையும் ஈர்க்கின்றன. அதற்கு அடுத்த படி, விழா முடிந்த மறுநாள் தொடங்கவேண்டும். புதிதாக வந்த தொழிலதிபர், உள்ளூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவரைப் பயிற்சிக்கு எடுக்கிறாரா? உள்ளூர்த் தமிழ் முதலாளி, மலாய் இளையரையோ சீன மூத்தோரையோ கல்லாவில் நிறுத்துகிறாரா? மொழி தெரிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை வேலைக்கு உண்மையாகவே தேவையா, அல்லது நம்ம ஆள் வேண்டும் என்பதற்குப் போடும் முகமூடியா? புதிய சட்டமும் வேலையின் உண்மையான தேவையை விதிவிலக்காக ஏற்கிறது.

இதில் வாடிக்கையாளர்களான நமக்கும் பங்குண்டு. தமிழ்க் கடையில் வேறு இனத்து ஊழியர் நின்றால் முகம் சுளிப்பவர் நம்மிலும் இருக்கிறார். பங்ளாதேஷ் ஊழியர் பக்கத்து மேசையில் அமர்ந்தால் நாற்காலியை நகர்த்துபவரும் இருக்கிறார். கடைக்காரர் எடுக்கும் துணிச்சலுக்கு நாம் திரும்பி வருவதுதான் பாதுகாப்பு. முதலில் போகிறவருக்குப் பின்னால் ஆள் வேண்டும் என்று அமெரிக்க நிகழ்வு சொன்னது தேக்காவுக்கும் பொருந்தும்.

வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் நடப்புக்கு வரும்போது, பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞர்களை வைத்துத் தங்கள் விதிமுறைகளைத் திருத்திக்கொள்ளும். சிறு கடைகளுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம், தயாராவதற்காகத் தரப்பட்டது, தட்டிக்கழிப்பதற்காக அன்று. அந்த விலக்கு ஐந்தாண்டு கழித்து மறுஆய்வு செய்யப்படும். அப்போது, எங்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை, நாங்கள் முன்பே அப்படித்தான் நடந்தோம் என்று சிராங்கூன் சாலையிலும் பேட்டைக் கடைகளிலும் எத்தனை முதலாளிகளால் சொல்ல முடியும் என்பதே நம் வணிகர்களின் தலைமைக்கான மதிப்பெண். அதை எண்ணிப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.